முதல்ல ஸ்பீக்கர் ஒயர், அப்புறம்தான் சுவிட்ச்

எங்க வீட்டுப் பரணில் பச்சை பெயின்ட் அடித்த ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. தாத்தாவின் வால்வு ஆம்ப்ளிஃபயர். ஐம்பது வருஷத்துக்கு மேல் பத்திரமாக இருந்த அதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஐந்தே நிமிஷத்தில் புகைய விட்டவன் நான். படிக்கிறது இசிஇ. சிரிக்காதீங்க, கடைசி வரை படிங்க.

என் ஊர் அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லைனில் எண்ணூர் தாண்டி இரண்டாவது ஸ்டேஷன். ஹாஸ்டலில் ஊர் பேர் சொன்ன முதல் நாளே, "சிட்டிசன் படத்துல காணாமப் போன ஊரா மச்சி?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அது அத்திப்பட்டி, நம்மது அத்திப்பட்டு என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிப்பதற்கு ரொம்ப முன்னாலிருந்தே தாத்தா இங்கே சவுண்ட் சர்வீஸ் நடத்தினார். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாசம் கூழ் ஊத்துறது, கட்சிக் கூட்டம் என எல்லாவற்றுக்கும் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இந்தப் பச்சைப் பெட்டி. ரெக்கார்டெல்லாம் மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1985-ல் அது எரிந்துபோனதைப் பற்றி இன்றைக்கும் சொந்த வீடு எரிந்த மாதிரிதான் பேசுவார்.

இந்த ஆடிக்குத் தெருக்கோயிலில் அந்தப் பெட்டியையே பாட வைத்து தாத்தாவை அசத்தணும் என்று திட்டம். அவருக்கு இப்போது 78 வயது. காது பாதிதான் கேட்கும். அவர் தூங்கும் நேரம் பார்த்துப் பெட்டியை இறக்கினேன். பழைய கண்டென்சர்களை ஏற்கெனவே மாற்றி வைத்திருந்தேன். அதுவரை எல்லாம் சரி. ஸ்பீக்கரை மட்டும் மாட்டவில்லை. முதலில் மல்ட்டிமீட்டரில் அவுட்புட் வோல்டேஜ் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்பீக்கர் மாட்டலாம், அதுதானே பாதுகாப்பு என்று நினைத்தேன்.

சுவிட்ச் போட்டதும் வால்வுக்குள் ஃபிலமென்ட் மெதுவாகச் சிவந்தது. அரை நிமிஷம் கழித்து மொபைலில் பாட்டு போட்டேன். ஸ்பீக்கரே இல்லாமல் பாட்டு கேட்டது! டிரான்ஸ்ஃபார்மரின் தகடுகளே கொசு மாதிரி மெல்லிய குரலில் பாடின. ஆர்வம் தாங்காமல் வால்யூமைக் கூட்டினேன். 'டிக்'கென்று ஒரு சத்தம், நீலமாக ஒரு பொறி, அப்புறம் அரக்கு எரிகிற வாசனை.

தாத்தா எழுந்து வந்து நின்றார். திட்டவில்லை. "ஸ்பீக்கர் ஒயர் மாட்டினியாடா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். "முதல்ல ஸ்பீக்கர் ஒயர், அப்புறம்தான் சுவிட்ச். என்கிட்ட வேலைக்கு வந்த பசங்களுக்கெல்லாம் நான் சொல்லிக்குடுத்த முதல் பாடம் அது" என்றார். அதற்கப்புறம் இரண்டு நாள் என்னிடம் பேசவே இல்லை. நாலு அறை விட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ஏன் எரிந்தது? நாம் படிக்கிற டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயருக்குப் பொதுவாக ஷார்ட் சர்க்யூட்தான் எமன். ஓபன் சர்க்யூட் ஒன்றும் செய்யாது. வால்வு செட்டில் இது தலைகீழ். என் பெட்டியில் இரண்டு இஎல்34 வால்வு, 400 வோல்ட்டுக்கு மேல் சப்ளை. வால்வு தருவது அதிக வோல்டேஜ், கொஞ்சம் கரன்ட். ஸ்பீக்கருக்கு வேண்டியது கொஞ்சம் வோல்டேஜ், அதிக கரன்ட். இரண்டுக்கும் நடுவில் தரகு வேலை பார்ப்பது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். ஸ்பீக்கர் இல்லாவிட்டால் வால்வு தள்ளுகிற கரன்ட்டுக்குப் போக இடமில்லை. பிரைமரி காயிலில் வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் ஏறி, இன்சுலேஷனைப் பொத்துக்கொண்டு பாயும். எலக்ட்ரான் டிவைசஸ் பேப்பரில் எனக்கு நல்ல கிரேடு. ஆனால் அந்த சிலபஸ் பிஎன் ஜங்ஷனில்தான் ஆரம்பிக்கிறது.

புது டிரான்ஸ்ஃபார்மருக்காக, பெட்டி எந்தக் கம்பெனி என்று தேடினேன். பெயர்ப்பலகையே இல்லை. அந்தத் தேடலில்தான் பெயர் உள்ளவர்களின் கதையெல்லாம் கிடைத்தது. 1904-ல் ஃப்ளெமிங் டயோடு வால்வு. 1906-ல் லீ டி ஃபாரஸ்ட் அதற்குள் மூன்றாவதாக ஒரு மின்முனையை நுழைத்தார். ஆம்ப்ளிஃபிகேஷன் என்பதே அங்கிருந்துதான் வளர்ந்தது. 1945-ல் இங்கிலாந்தில் ஹரால்ட் லீக், டிஸ்டார்ஷன் வெறும் 0.1 சதவீதம் என்று சொல்லி 'பாயின்ட் ஒன்' ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தார். 1947-ல் வில்லியம்சன் என்ற இன்ஜினியர் தன் டிசைனை 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் எழுத, அதைப் பார்த்து உலகம் முழுக்க ஆட்கள் வீட்டிலேயே செட் கட்டினார்கள். ஓபன் சோர்ஸ் என்ற வார்த்தை வராத காலம் அது!

நம்ம நாட்டுக் கதை இன்னும் சுவாரஸ்யம். காந்தி, நேரு மேடைப் படங்களில் மைக்கில் 'சிகாகோ ரேடியோ' என்று எழுதியிருக்கும். பார்த்தால் அமெரிக்கக் கம்பெனி மாதிரி இருக்கும். ஆனால் அது பம்பாயில் மோட்வானி குடும்பம் நடத்தியது. 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது உஷா மேத்தா குழு நடத்திய ரகசிய காங்கிரஸ் ரேடியோவுக்கு உதவியதாக, அந்தக் கம்பெனியின் நானிக் மோட்வானி மீதும் வழக்கு போட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு ஆண்டு சிறை, நானிக் விடுதலையானார். ஊர் ஊராக சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சொல்கிற 'அஹுஜா' 1940-ல் ஆரம்பித்த கம்பெனி. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-ல் இங்கேயே வால்வு செய்ய ஆரம்பித்தது. இப்போது ஆடியோ வால்வு செய்யும் பெரிய தொழிற்சாலைகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இருக்கின்றன.

எங்க பெட்டி இதில் எதிலும் வராது. மூன்றாம் நாள் தாத்தாவே வாய் திறந்தார். "கம்பெனி செட் வாங்க எங்கிட்ட ஏது காசு? ரிச்சி தெருவுல ஒரு மெக்கானிக்கு கட்டிக் குடுத்தாரு. தவணைல காசு குடுத்தேன்."

எரிந்த டிரான்ஸ்ஃபார்மரைப் பையில் போட்டுக்கொண்டு திருவொற்றியூர் போனேன். மோட்டார் காயில் கட்டுகிற கடை ஒவ்வொன்றிலும் "இது நமக்கு ஆவாது தம்பி" என்றார்கள். நான்காவது கடையில் ஒரு பெரியவர் மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு, "வச்சுட்டுப் போ. பிரிக்கும்போது கூட இரு" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தகடுகளைக் கழற்றி, ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே பிரித்தார். பிரைமரி கொஞ்சம், செகண்டரி கொஞ்சம், மறுபடி பிரைமரி என்று மாற்றி மாற்றி அடுக்கடுக்காகச் சுற்றியிருந்தது. அப்படிச் சுற்றினால்தான் மேல் சுருதி மழுங்காமல் வரும். "சோம்பேறி கட்டினது இல்ல இது" என்றார் பெரியவர். பாதிக்கு மேல் கருகியிருந்ததால் எண்ணிக்கை தப்பிக்கொண்டே போனது. கடைசியில், காயிலின் அடியில் சுற்றியிருந்த பழுப்புக் காகிதத்தில் பென்சில் எழுத்து தெரிந்தது. ஒவ்வொரு அடுக்குக்கும் எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி என்ற கணக்கு. கீழே, '10-1-71. பொங்கலுக்குள்.' பெயர் இல்லை.

தாத்தாவுக்குப் பொங்கல் ஆர்டர் இருந்திருக்கும். அந்த மெக்கானிக் ராத்திரி உட்கார்ந்து கட்டியிருப்பார். அந்தக் காகிதத்தை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. என்றைக்காவது இது எரிந்து, யாரோ ஒருத்தர் பிரிக்கும்போது அவருக்கு உதவட்டும் என்றுதானே எழுதியிருக்கிறார்? அவர் யாருக்கு எழுதினாரோ, அந்த ஆள் நான்தான் என்று தோன்றியபோது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. என் லேப் ரெக்கார்டில் பாதி ரீடிங் பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதியது.

பெரியவர் அதே கணக்கில் புதிதாகச் சுற்றித் தந்தார். பழைய காகிதத்தைத் திரும்ப வைக்க முடியவில்லை, பொடியாக உதிர்ந்தது. அதனால் புதுக் காகிதத்தில் அந்தக் கணக்கை நானே எழுதி உள்ளே வைத்தேன். தேதி போட்டேன். நானும் பெயர் எழுதவில்லை.

ஆடிக்குள் முடியவில்லை, ஆவணி பிறந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் தாத்தாவே ஸ்பீக்கர் ஒயரை மாட்டினார், இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார், அப்புறம் "போடு" என்றார். பாட்டு வந்தது. அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. குனிந்து, டிரான்ஸ்ஃபார்மர் மேல் உள்ளங்கையை வைத்தார். பாட்டு முடியும்வரை எடுக்கவே இல்லை.

"பாடுது" என்றார்.

உங்க வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் இருக்கும், ஆளையே தூக்கிப் போடும். அதை டிஸ்சார்ஜ் பண்ணாமல் உள்ளே கை வைக்காதீங்க. அப்புறம், முதல்ல ஸ்பீக்கர் ஒயர்.