கெடு எங்கிருந்து எண்ணப்படுகின்றது?

காலக்கெடு என்பது காத்திருப்பவனுக்கு அளிக்கப்படும் வாக்குறுதியாகும். ‘இதற்கு மேல் நீ காத்திருக்க வேண்டியதில்லை’ என்பதே அதன் பொருள். அவ்வாக்குறுதி பொய்த்துப்போகும் விதத்தை இன்றைய கணினி நிரல்களிலே தெளிவாகக் காணலாம்.

ஹற்றனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றில் வாழும் இளைஞன் ஒருவன், பரீட்சைப் பெறுபேறுகளை இணையத்திலிருந்து எடுத்துத்தரும் சிறு நிரலொன்றைப் பைதன் மொழியில் எழுதுகின்றான் எனக் கொள்க. 10 விநாடிக்குள் விடை வராவிடின் நின்றுவிடுமாறு அதற்குக் கட்டளையும் இடுகின்றான். மழைக்காலம், மலைச்சரிவுகளுக்கிடையே சமிக்ஞை நலிந்து வருகின்றது. 10 விநாடி கழிகின்றது. 10 நிமிடமும் கழிகின்றது. நிரலோ நிற்கவுமில்லை, பிழை கூறவுமில்லை.

காரணம் எளிது. பைதனின் ‘ரிக்குவெஸ்ட்ஸ்’ நூலகம் அந்த 10 விநாடியை முழு வேலைக்கும் உரியதாகக் கொள்வதில்லை. இணைப்பு ஏற்படுவதற்கு ஒரு கெடு; அதன்பின், தரவின் ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடைப்பட்ட மௌனத்துக்கு ஒரு கெடு. 9 விநாடிக்கு ஒருமுறை ஒரேயொரு பைட்டு வந்து சேர்ந்தாலும் கடிகாரம் மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். கெடுவே குறிப்பிடாவிடின் அந்நூலகம் எல்லையின்றிக் காத்திருக்கும். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் பணியோ இக்கெடுவுக்கு உட்படுவதேயில்லை. ஜாவாஸ்கிரிப்டிலே வேறொரு விந்தையுண்டு: நீண்ட கணக்கொன்றில் ஆழ்ந்துவிட்ட நிரல், கெடு முடிந்தமைக்கான மணியோசையைச் செவிமடுக்க ஓய்வு பெறுவதில்லை.

ஆகவே பிழை தேடுவோர் ‘எத்தனை விநாடி?’ என்று கேட்குமுன் ‘எங்கிருந்து?’ என்று கேட்டல் வேண்டும். ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும் பதிவுசெய்தால் நிரல் தேங்கிய இடம் புலப்படும். வேலை தொடங்கிய கணத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்தே முழுமைக்கும் ஒரு கெடு விதித்து, அதனை வெளியிலிருந்து கண்காணிப்பதே பரிகாரம். ‘கேர்ல்’ என்னும் கருவியிலே இணைப்புக்கு ஒன்றும் முழு வேலைக்கு ஒன்றுமாக இரு கெடுக்களை விதிக்க முடிவது இதனாலேதான்.

அவ்விளைஞனின் மலைநாடு இவ்வுண்மையை முன்னரே அனுபவித்திருக்கின்றது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரின் விதியைத் தீர்ப்பதற்கென 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதற்கு 15 ஆண்டுகள் கெடு விதிக்கப்பட்டது. அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967 இலேதான் இலங்கையில் நிறைவேறியது. கெடு கழிந்தது, காத்திருப்பு முடியவில்லை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்னும் ஒரு வரி போதும், நம்பிக்கையின் கடிகாரம் மீண்டும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும்.

இறுதியிலே, 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கு வாழும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கிற்று. இடையில் வந்துசென்ற கடிதங்களையெல்லாம் ஒதுக்கி, ஒப்பந்தம் பிறந்த நாளிலிருந்தே அச்சட்டம் எண்ணத் தொடங்கியது. அதற்குள் 39 ஆண்டுகள் கடந்திருந்தன.