சாராமை பற்றிச் சில குறிப்புகள்

'அரசு சாரா நிறுவனம்' என்ற பிரயோகம் எனக்கு எப்போதுமே ஒரு சங்கடத்தைத் தந்துவந்திருக்கிறது. ஒரு வஸ்து எதுவாக இல்லையோ அதைச் சொல்லி அதற்குப் பெயர் வைப்பது விநோதமான காரியம். நாற்காலியை 'மேஜை அல்லாதது' என்று யாரும் கூப்பிடுவதில்லை. 1945இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 71ஆம் ஷரத்தில் இடம்பெற்ற சொல், அறிக்கைகள் வழியாகவும் விண்ணப்பப் படிவங்கள் வழியாகவும் நம் ஊர்வரை வந்து சேர்ந்துவிட்டது. தமிழில் வந்து விழுந்த இடத்தில் அதற்கு ஒரு கூடுதல் அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. சார்தல் என்றால் நமக்குச் சாய்தல், அண்டியிருத்தல். கொடி கொம்பைச் சார்ந்திருக்கிறது. அப்படியானால் அரசைச் சாராதது என்பது அரசின்மேல் சாயாதது. நான் கணக்குப் பார்த்த சங்கங்களில் அப்படி ஒன்றுகூட இருந்ததில்லை.

கணக்குப் பார்த்த என்பதை வைத்து என்னை ஆடிட்டர் என்று நினைத்துவிட வேண்டாம். தென்மாவட்டத்து ஊர் ஒன்றில், ஓர் ஆடிட்டரின் ஆபீசில் பதினெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். ஏப்ரல் பிறந்தால் சங்கத்துக்காரர்கள் வர ஆரம்பிப்பார்கள். ஜவுளிக்கடைப் பையிலும் பிஸ்கட் டின்னிலும் வவுச்சர்களை அடைத்துக்கொண்டு வருவார்கள். முதியோர் இல்லம், காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம், தையல் வகுப்பு, பால்வாடி. எல்லாரும் கேட்டது ஒரே ஒரு காகிதத்தைத்தான். பயனீட்டுச் சான்றிதழ். எந்தக் காரியத்துக்காக மானியம் தரப்பட்டதோ அந்தக் காரியத்துக்கே அது செலவாயிற்று என்று ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அதை டைப் அடிப்பது என் வேலை. மனிதர்கள் செய்யும் நல்ல காரியங்களைப் பற்றி நான் எழுதியதில் ஆகப் பெரிய பகுதி அந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன்.

இந்த ஏற்பாடு ஒரு நல்ல எண்ணத்தில் பிறந்தது என்பதை மறுப்பதற்கில்லை. 1953இல் துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு மத்திய சமூக நல வாரியம் அமைக்கப்பட்டபோது இருந்த சிந்தனை எளிமையானது. சர்க்கார் உத்தியோகஸ்தர் அநாதைப் பிள்ளைக்குத் தலைவாரிவிட மாட்டார். அதைச் செய்கிறவர்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களிடம் பணம் இல்லை. பணம் இருப்பவர் கொடுக்கட்டும், மனம் இருப்பவர் செய்யட்டும். முத்துலட்சுமி ரெட்டி ஒளவை இல்லத்தை 1930இல் தொடங்கியபோது அதற்கென்று சர்க்கார் திட்டம் எதுவும் இல்லை. வீட்டு வாசலில் பெண்கள் வந்து நின்றார்கள், கதவைத் திறந்தார், அவ்வளவுதான். முதலில் வீடு, பிறகு மானியம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்த வரிசை திரும்பிவிட்டிருந்தது. முதலில் திட்டம் வரும். பிறகு சங்கம் பதிவாகும். அதன் பிறகு வாடகைக்கு வீடு பார்ப்பார்கள். கடைசியாகப் பிள்ளைகளைத் தேடிப் போவார்கள். எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வகைக்காரர்களும் எங்கள் ஆபீஸ் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், இருவருடைய காகிதங்களும் ஒன்றுபோலவே இருந்தன. போலியின் காகிதம்தான் சுத்தமாக இருக்கும். நிஜமாகவே வேலை செய்கிறவர்களுடைய வவுச்சரில் சாம்பார்க் கறை இருக்கும்.

மானியம் வரும் விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல திட்டங்களில் 90 பங்கு சர்க்கார், 10 பங்கு சங்கம். இந்த வருஷத்துப் பணம் வர வேண்டுமென்றால் போன வருஷத்து ஆடிட் அறிக்கை, சான்றிதழ், மாவட்டத்து அதிகாரி நேரில் பார்த்து எழுதிய குறிப்பு எல்லாம் மாநிலத் தலைநகர் போய், அங்கிருந்து சிபாரிசோடு டெல்லி போய்ச் சேர வேண்டும். வருஷத்துக்கான பணம் அந்த வருஷம் முடிகிற மார்ச் மாதத்தில் வந்தால் அதிர்ஷ்டம். அடுத்த வருஷம் வந்ததும் உண்டு. பிள்ளைகளோ தினம் மூன்று வேளை சாப்பிடுகிறவர்கள். ஆகவே கடன். கடனுக்கு வட்டி. அனுமதிக்கப்பட்ட செலவுகளின் பட்டியலில் வட்டி என்ற இனமே கிடையாது. ஆகவே வட்டி கத்தரிக்காயாக மாறும், விறகாக மாறும். சங்கத்தின் 10 பங்கு எங்கிருந்து வரும்? ஆசிரியைகள் ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போடும் தொகைக்கும் கையில் வாங்கும் தொகைக்கும் நடுவிலிருந்து. அந்த வித்தியாசத்துக்கு 'நன்கொடை' என்று ரசீது போடுவார்கள். மாதம் முந்நூறு ரூபாய்க்குக் காது கேளாத பிள்ளைகளுக்குப் பேச்சுச் சொல்லிக் கொடுத்தவள், ஐந்நூறு வாங்கியதாக ஒப்புக்கொண்டு, இருநூறைத் தர்மம் செய்தவளாகவும் ஆகிவிடுவாள். யோக்கியமான சங்கத்திலும் இது நடந்தது. யோக்கியர்களையும் பொய் சொல்ல வைத்துவிட்டு, பொய் சொல்கிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பும் முறை இது.

அப்படி ஆள் வந்த நாள் ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்து ஊரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதி. நடத்திய அம்மாளை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும். புஸ்தகங்களை எடுத்துக்கொண்டு என்னைப் போகச் சொல்லியிருந்தார் ஆடிட்டர். வந்த அதிகாரி நல்ல மனிதர், காபிகூடச் சாப்பிடவில்லை. தட்டு எண்ணினார், டம்ளர் எண்ணினார், பாய் எண்ணினார். மானியத்தில் வாங்கிய போர்வை இருப்புப் புஸ்தகத்தில் 25. எண்ணிக்கையில் 24.

"ஒண்ணு குறையுதேம்மா."

"அது பையனோட போயிட்டுது சார்."

ஜனவரியில் ஒரு பையன் வலிப்பு வந்து இறந்துபோயிருந்தான். அந்தப் போர்வை இல்லாமல் தூங்க மாட்டான். அதிலேயே சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். அதிகாரி கொஞ்ச நேரம் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அதெல்லாம் சரிம்மா. ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுதறது?" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். கழிவு என்று எழுத வேண்டுமானால் கழித்த பொருளைக் காட்ட வேண்டும். தொலைந்தது என்று எழுதினால் பொறுப்பாளரிடமிருந்து பணம் பிடிக்க வேண்டும். புதைத்தது என்று எழுத விதியில் இடமில்லை. கடைசியில் அவரே வழி சொன்னார்: புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள், கணக்குச் சரியாகிவிடும். டீச்சர் என்னிடம் காசு கொடுத்து, "தம்பி, பஜார்ல போயி அதே கலர்ல ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றார். வாங்கி வந்தேன். 25 ஆயிற்று.

வவுச்சர்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் கட்டியவன் நான். மருந்துக் கடை பில்கள் நவம்பரோடு நிற்கின்றன. பிப்ரவரியில் மறுபடி தொடங்குகின்றன. அந்த வருஷத்து மானியம் வந்தது மார்ச் கடைசியில். ஒன்றுக்கு ஒன்று சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவரவில்லை. அதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும். அந்த பில் கட்டு அதிகாரியின் கையிலும் இருந்தது. அவர் கூட்டல் சரியா என்று பார்த்தார். பையன் எப்படி இறந்தான் என்று அவர் கேட்கவில்லை, அவர் வைத்திருந்த படிவமும் கேட்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, மேற்பார்வையே வேண்டாம், நல்லவர்களைச் சும்மா விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டால் அது பெரிய அபத்தம். சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதை ஏர்வாடியில் பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியலுக்கு முன், தர்காவைச் சுற்றி இருந்த மனநோயாளிக் காப்பகங்களில் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். காப்பகத்துக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற மனநலச் சட்டம் 1987இலேயே எழுதப்பட்டு 1993இல் அமலுக்கும் வந்திருந்தது. அங்கே மானியம் இல்லை, எனவே எண்ண வருகிறவரும் இல்லை.

மானியம் இருந்து, எண்ண வந்தவர்களும் இருந்த இடம் பீகாரின் முசாபர்பூர். சர்க்கார் பணத்தில் ஒரு சங்கம் நடத்திய சிறுமியர் விடுதி. அதிகாரிகள் போய்வந்துகொண்டிருந்த இடம்தான். 2018இல் டாடா சமூக அறிவியல் கழகத்தின் குழுவொன்று அந்த மாநிலத்தின் 110 விடுதிகளைச் சமூகத் தணிக்கை செய்து அறிக்கை கொடுத்தபோதுதான் அங்கே நடந்த பாலியல் கொடுமை வெளியே வந்தது. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்றது. நடத்தியவருக்குச் சாகும்வரை சிறை. அந்தக் குழு செய்ததில் மந்திரம் ஒன்றுமில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்கள். இதற்கு மூன்று வருஷம் முன்பே, 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தில், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மூன்று பேருக்குக் குறையாத குழு ஒன்று விடுதியைப் பார்க்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாகவும் ஒருவர் மருத்துவராகவும் இருக்க வேண்டும் என்று எழுதியாகிவிட்டது. சட்டத்தில் டாக்டர் வந்துவிட்டார். விடுதிக்கு வந்தாரா என்பது வேறு விஷயம்.

நலத்துறை கண்ணை மூடிக்கொள்ளும் இடத்தில் உள்துறை கண்ணை விரித்துக்கொண்டு நிற்கிறது. இது வெகுநாள் கதை. வெளிநாட்டுப் பணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் முதலில் வந்தது 1976இல், எமர்ஜென்ஸி நடுவில். எமர்ஜென்ஸியை எதிர்த்த ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு நின்றவர்கள்மேல் 1982இல் குடால் கமிஷன் வந்தது. காந்தி அமைதி நிறுவனமும் சர்வ சேவா சங்கமும் கைராட்டையும் கணக்குப் புஸ்தகமுமாக 1987வரை பதில் சொல்லிக்கொண்டிருந்தன. சட்டம் 2010இல் புதிதாக எழுதப்பட்டு, 2020இல் இன்னும் இறுக்கப்பட்டது. வெளிநாட்டுப் பணம் எந்தக் குக்கிராமத்துச் சங்கத்துக்கு வந்தாலும் டெல்லியில் ஸ்டேட் பாங்கின் ஒரே ஒரு கிளையில்தான் வந்து இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதம்வரை போகலாம் என்றிருந்தது 20 ஆயிற்று. வாங்கியவர் இன்னொரு சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இது செல்லும் என்றது. பிரித்துக் கொடுக்கக் கூடாது என்பதில்தான் சின்னச் சங்கங்கள் அடிபட்டன. டெல்லியோடு ஆங்கிலத்தில் கடிதப் போக்குவரத்து நடத்தத் தெரியாதவர்கள், தெரிந்த ஒரு பெரிய சங்கத்தின் நிழலில் வாங்கிக்கொண்டிருந்த பணம் அது.

திருட்டே இல்லையா என்றால், இருந்தது. 2015இல் சி.பி.ஐ. உச்ச நீதிமன்றத்தில் நாட்டில் 31 லட்சம் சங்கங்கள் என்று ஒரு கணக்குச் சொன்னது. வரவுசெலவு காட்டுகிறவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். சங்கத்துப் பணத்தில் ஜீப் வாங்கி மருமகனுக்குக் கொடுத்தவரை எனக்கே தெரியும். அவருடைய சான்றிதழில் ஒருநாளும் ஒரு குறை எழுதப்பட்டதில்லை.

இந்த விஷயத்தில் நம் பத்திரிகைகளின் யோக்கியதையையும் சொல்லியாக வேண்டும். 1984இல் பிரகாஷ் காரத் 'தி மார்க்ஸிஸ்ட்' இதழில் இந்தக் குழுக்களை ஏகாதிபத்தியத்தின் ஆயுதம் என்று எழுதியபிறகு, நமக்கும் ஒரு வசைச்சொல் கிடைத்தது. ஒரு கவிஞனைப் பிடிக்கவில்லையென்றால் 'அந்நியப் பணம்' என்று சொன்னால் போதும். காரத்தின் வாதத்தில் பொருட்படுத்த வேண்டியது இருந்தது: கொடுப்பவனுடைய சொற்கள் வாங்குபவனுடைய வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது. ஆனால் டெல்லியிலிருந்து வரும் பணத்துக்கும் சொற்கள் உண்டே. 'பயனாளி' என்று ஒரு சொல். அதைக் கேட்டால் அந்தப் பையன் தன் போர்வைக்குள் இன்னும் சுருண்டுகொண்டிருப்பான். அரசு பணம் கொடுத்தால் அது நம் பணம்தானே என்று சொல்கிறவர்கள், நூலக ஆணைக்காக எத்தனை புஸ்தகங்கள் எந்தப் பக்க அளவில் எழுதப்படுகின்றன என்பதைப் பக்கத்து அச்சகத்தில் போய் விசாரித்துக்கொள்ளலாம்.

பணம் வாங்காமல் இருப்பது பத்திரிகைக்காரனுக்குச் சாத்தியம். முந்நூறு பிரதி அச்சடிக்கிறான், நஷ்டப்படுகிறான், நிறுத்திவிடுகிறான். இருபத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அடுத்த இதழ் வராது என்று அறிவிக்க முடியாது. சாராமல் இருப்பது ஒரு சௌகரியம் என்று எனக்குப் படுவது இங்கேதான்.

இன்றும் யாராவது காகிதங்களோடு வீட்டுக்கு வருகிறார்கள். போன வருஷம் ஒரு பெண் வந்தாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைச் சாயங்காலம் முதல் ராத்திரிவரை வைத்துக்கொண்டு சோறு போட்டுப் பாடம் பார்க்கிறாள். சென்னைச் சங்கம் ஒன்று பிரித்துக் கொடுத்த பணம் 2020க்குப் பிறகு நின்றுவிட்டது. மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள கடையில் ஒரு பையன் நிரப்பிக் கொடுக்கிறான். பணி செய்யும் துறை எது என்று ஓர் இடம் வருகிறது. அதைத் தொட்டால் நீளமான பட்டியல் இறங்குகிறது.

"இதுல நம்ம செய்யறது எதுலயும் வரலையே அண்ணாச்சி. எதைப் போட?" என்றாள்.

இந்த வருஷம் எதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டேன். போதை விழிப்புணர்வுக்கு இருக்கிறதாம் என்றாள். அதையே போட்டோம்.