கிடைக்கு எத்தனை வாட் சோலார்?

வைகையின் வடகரையில், திண்டுக்கல் சாலையில் உள்ளது விளாங்குடி. 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஊர். இதைத் தாண்டிப் பரவை, சமயநல்லூர் பக்கம் போனால் நெல் வயல்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம்.

சிறு சரக்கு வண்டியோடு வந்து தங்கும் கீதாரிக்கு இரவு விளக்கு அவசியம். இருட்டில் நாய் புகுந்தால் ஆடுகள் போய்விடும். வண்டி பேட்டரியிலேயே விளக்கெரித்தால் இரண்டு மூன்று நாளில் வண்டி கிளம்பாது. நோயுற்ற ஆட்டை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும் வழியிருக்காது. எனவே தனி பேட்டரி வேண்டும்.

கணக்கு எளிது. 5 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, 10 மணி நேரத்துக்கு 100 வாட்-மணி. மூன்று செல்போனுக்கு 50. ஆக 150. இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 12.5 ஆம்பியர்-மணி. மேகமூட்டத்தை எண்ணி இரண்டு இரவுக்கு 25. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. ஆகவே 50 ஆம்பியர்-மணி பேட்டரி.

நல்ல வெயில் 4 மணி நேரம், இழப்பு 30 சதவீதம் என்றால் 54 வாட் தேவை. 75 வாட் பலகை வாங்கினால் மேகம் விலகியபின் விரைவில் நிரம்பும். சார்ஜ் கன்ட்ரோலரும் ஃபியூஸும் கட்டாயம். பலகையின் ஒரு மூலையில் மரநிழல் விழுந்தாலும் மின்சாரம் வெகுவாகக் குறையும். வெட்டவெளியில், தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கவும்.