வெள்ளப் பெட்டிக்குள் ஒரு சிறு மின்தடை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மின்னல் பண்பலையைக் கேட்க 96.3 என்று வைக்கிறோம். அரை மணி நேரம் கழித்து அது தானாக நகர்ந்துவிடுவதில்லை. பழைய வால்வு வானொலி வைத்திருந்த தாத்தாக்களுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும். பெட்டி சூடேற ஏற நிலையம் நழுவும்; எழுந்து போய்க் குமிழைத் திருக வேண்டும். இன்று நம்மை உட்கார்ந்த இடத்திலேயே இருக்கவிடுவது ‘கட்டப் பூட்டு வளையம்’ என்ற சுற்று. எங்கள் துறையில் சுருக்கமாக பி.எல்.எல். என்போம். 1932-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி த பெல்சீஸ் இதன் அடிப்படையை எழுதி வெளியிட்டார். இப்போது நம் கைப்பேசி ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது.

ஸ்ரீ கெம்பாங்கானில் குடியிருக்கும் நான், வானொலிச் சுற்றுகளை வடிவமைத்துப் பிழைப்பவன். என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு உறுமி மேளத்தைத்தான் உதாரணம் சொல்வேன். ஊர்வலத்தில் ஒருவர் தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். மற்றவர் அவரைக் கேட்டு, முந்தினால் தளர்த்தி, பிந்தினால் விரைந்து சேர்ந்துகொள்கிறார். நம் சுற்றில் தாளம் பிடிப்பது ஒரு படிகம். சேர்ந்துகொள்வது அலையியற்றி. ‘முந்துகிறாய், பிந்துகிறாய்’ என்று சொல்ல ஓர் ஒப்பீட்டாளர் உண்டு. அவர் சொல்வதற்கெல்லாம் உடனே துள்ளினால் தாளம் கெடும். அசையாமலே இருந்தால் ஊர்வலம் போய்விடும். எவ்வளவு கேட்பது, எவ்வளவு பொறுப்பது என்று தீர்மானிப்பதுதான் வளைய வடிகட்டி. பார்க்கப் போனால் இரண்டு மூன்று மின்தேக்கிகளும் ஓரிரு மின்தடைகளும்தான். விலை சில காசு.

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். என் சின்னம்மா அங்கே மாடியில் இரண்டு இரவு கிடந்தார். “தண்ணி ஏறுதுன்னு ஒரு மணி நேரம் முன்னாடி தெரிஞ்சிருந்தா போதும்யா, மாத்திரையும் பத்திரமும் எடுத்திருப்பேன்” என்றார் பிறகு. இன்றும் அவர் வீட்டில் முக்கியமான தாள்களெல்லாம் மாடியில்தான் இருக்கின்றன.

அந்தப் பேச்சுக்குப் பிறகு நானும் இரு நண்பர்களும் ஓய்வு நேரத்தில் ஒரு பெட்டி செய்யத் தொடங்கினோம். மின்சார இணைப்பு இல்லாத பாலத்தடியில் தொங்க வேண்டும். நீர்மட்டத்தை அளந்து, 920 மெகாஹெர்ட்ஸ் அருகே வானொலி அலையில் சொல்ல வேண்டும். சொன்னது போய்ச் சேர்ந்ததா என்ற பதிலையும் கேட்க வேண்டும். மின்கலத்தை மாற்ற ஆண்டுக்கணக்கில் யாரும் ஏணி வைத்து ஏறக்கூடாது.

சிக்கல் அங்கேதான். கைப்பேசிக் கோபுரங்கள் 925 மெகாஹெர்ட்ஸிலிருந்தே உரக்கப் பேசுகின்றன. எங்கள் பெட்டிக்கு வரும் பதிலோ முணுமுணுப்பு. பெட்டியின் அலையியற்றி சுத்தமாக ஒரே இடத்தில் நின்றால் முணுமுணுப்பு கேட்கும். அது லேசாக நடுங்கினாலும், அந்த நடுக்கத்தின் வழியே பக்கத்துக் கோபுரத்தின் சத்தம் உள்ளே நுழைந்துவிடும்.

நடுக்கத்துக்கு ஒரு காரணம் வடிகட்டியில் இருக்கும் மின்தடை. எந்த மின்தடையும், அதில் வெப்பம் இருக்கும்வரை, சும்மா இருக்கும்போதுகூட மெல்ல இரைந்துகொண்டே இருக்கும். பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-இல் இதை அளந்தும் கணக்கிட்டும் காட்டினார்கள். அப்படியானால் மின்தடையையே எடுத்துவிடலாமே? முடியாது. மின்தேக்கி மட்டும் இருந்தால், திருத்தம் ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பும்; ஊஞ்சல் நிற்கவே நிற்காது. ஆட்டத்தை அடக்குவதும் மின்தடைதான், இரைச்சலைக் கொண்டுவருவதும் அதேதான்.

சின்ன மின்தடை போட்டால் இரைச்சல் குறையும். ஆனால் வளையம் அதே வேகத்தில் இயங்க, வடிகட்டிக்கு மின்னோட்டம் தள்ளும் பம்ப் அதிகமாகத் தள்ள வேண்டும், மின்கலம் கரையும். மாறாக, மின்னோட்டத்தைக் கால் பங்காகக் குறைத்தால் மின்தடையை நான்கு மடங்காக்க வேண்டும். அதன் இரைச்சல் மின்னழுத்தம் இரண்டு மடங்காகும். சிக்கனமா, அமைதியா என்று வடிகட்டி நம்மைப் பார்த்துக் கேட்கிறது.

வளையத்தை மிக மெதுவாக்கி அமைதி தேடவும் வழியில்லை. அலைவரிசை அகலத்தை 100 ஹெர்ட்ஸுக்குக் குறுக்கினால், பூட்டு விழவே ஏறக்குறைய 40 மில்லி விநாடி ஆகும். 10 கிலோஹெர்ட்ஸில் அரை மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். பூட்டு விழும்வரை செலவாகும் மின்சாரம் யாருக்கும் பயன்படாது. அதோடு, வளையம் மெதுவானால் அலையியற்றியின் சொந்த நடுக்கத்தைத் திருத்தவும் ஆள் இல்லாமல் போகும்.

நாங்கள் எடுத்த முடிவு இதுதான்: விழித்திருக்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம். மின்தடையைச் சிறிதாக வைத்தோம், பம்புக்கு வேண்டியதைக் கொடுத்தோம், வேலை முடிந்ததும் முழுச் சுற்றையும் தூங்கவைத்தோம். 2,400 மில்லி ஆம்பியர் மணி மின்கலம், 30 மில்லி ஆம்பியர் இடைவிடாமல் இழுத்தால் 80 மணி நேரத்தில் தீரும். நிமிடத்துக்கு ஒரு முறை, விநாடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் விழித்தால், கணக்கில் ஐந்து ஆண்டுக்கு மேல் வரும். தூக்கத்தில் கசிவதையும் மின்கலம் தானாக இழப்பதையும் கழித்தாலும் எங்களுக்கு அது போதும்.

இந்த நுணுக்கத்தைப் படிக்க இன்று கடல் கடக்க வேண்டியதில்லை. சென்னை ஐஐடி பேராசிரியர் சௌரப் சக்சேனா இதே வளையங்களைப் பற்றி நடத்திய முழுப் பாடமும் என்பிடெலில் இலவசமாகக் கிடைக்கிறது. 2024-இல் நம் பக்கத்துப் பூச்சோங்கில் சில்லு வடிவமைப்புக்கென்றே ஒரு பூங்கா திறந்தார்கள். நம் நாட்டில் சில்லுகளைப் பொதியும் தொழில் 1970-களிலேயே பினாங்கில் வேரூன்றிவிட்டது. வடிவமைக்கும் கைகள்தான் இன்னும் போதவில்லை. எஸ்.பி.எம். பௌதிகத்தில் மின்தடையும் மின்தேக்கியும் படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அதை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு நாள் பேசிப் பாருங்கள்.

எங்கள் பெட்டிகள் இரண்டு இப்போது சோதனையில் தொங்குகின்றன. ஒன்றின் அருகிலேயே கோபுரம் இருக்கிறது. வேண்டுமென்றே அப்படி வைத்தோம். ஆண்டிறுதி மழை வரும்வரை அது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, ‘தண்ணீர் கீழேதான் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகும்.