தலையில சூரியன்... காலடியில இருட்டு!

உங்க பாக்கெட்டுல இப்போ ஒரு டார்ச் இருக்கு, தெரியுமா? செல்போனைத்தான் சொல்றேன். 2003-ல வந்த நோக்கியா 1100 உங்க அப்பாகிட்ட இருந்திருக்கும், கேட்டுப் பாருங்க. உச்சந்தலையில குட்டியா ஒரு லைட்டு! கரன்ட் போனா வீட்ல முதல்ல தேடறது அதைத்தான். ‘தனியா எதுக்குடா டார்ச்?’ங்கிற எண்ணம் நமக்கெல்லாம் அங்கேதான் ஆரம்பிச்சது.

நானும் அப்படித்தான் இருந்தேன், போன மார்ச் மாசம் வெள்ளியங்கிரி ஏறும்வரைக்கும்.

கோவைக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்கு... பூண்டி அடிவாரத்துல ஒரு மூங்கில் தடியை வாங்கிக்கிட்டு ராத்திரி ஏற ஆரம்பிச்சா, விடியறப்போ ஏழாவது மலை உச்சியில நிக்கலாம். முதல் மலையில படிக்கட்டு இருக்கும். அதுக்கப்புறம் கல்லு, வேரு, சறுக்கற மண்ணு. கூடவே கும்மிருட்டு.

நானும் ரூம்மேட்டும் கிளம்பினோம். அவன் கையில செல்போன். என் தலையில புத்தம் புது ஹெட்லேம்ப்! பெட்டி மேல கொட்டை எழுத்துல ‘10,000 லுமன்’. சும்மா சொல்லக் கூடாது, முதல் ரெண்டு மலைக்கு நான்தான் ஹீரோ. ஒரு கையில தடி, இன்னொரு கை பாறையைப் பிடிக்க. எங்கே பார்க்கறேனோ அங்கே வெளிச்சம். அவன் பாவம், ஒரு கையில போனு, இன்னொரு கையில தடி. தடுக்கினா பிடிக்க மூணாவது கை கிடையாது. போன் லைட்டு வெளிச்சத்தைப் பரப்பி அடிக்குமே தவிர தூரம் போகாது. பத்தடி தாண்டினா மங்கல். அதோட, ஆபத்துன்னா யாரையாவது கூப்பிட வேண்டிய சார்ஜை வழி பார்க்கவே கரைச்சுக்கிட்டிருந்தான்.

நாலாவது மலையில என் ஹீரோயிசம் இறங்க ஆரம்பிச்சது. முதல்ல வெளிச்சம் பாதியாச்சு. எல்.ஈ.டி. பல்பு சூடாகக் கூடாதுன்னு நல்ல லைட்டே சில நிமிஷத்துல தானா குறைச்சுக்கும். என்னுது நல்ல லைட்டும் இல்லை, பேட்டரியும் டுபாக்கூர். அது கூடப் பரவாயில்லை. பள்ளம் எது, மேடு எதுன்னே தெரியலை! நெத்தியில லைட் இருந்தா, கண்ணும் வெளிச்சமும் ஒரே பக்கத்துல இருந்து போகுது. கல்லோட நிழல் கல்லுக்குப் பின்னாடியே ஒளிஞ்சிக்கும். தரை முழுக்க ஒரே போட்டோ மாதிரி தட்டையாத் தெரியும். ஆறாவது மலைகிட்ட பனிமூட்டம் வேற. ஊட்டி ரோட்டுல மூட்டத்துக்குள்ள டிரைவர் ஹை-பீம் போட்டா என்ன ஆகும்? வெளிச்சமெல்லாம் திரும்ப நம்ம கண்ணுலயே அடிக்கும். அதேதான். கண்ணு முன்னாடி வெள்ளைச் சுவர்.

அங்கேதான் அந்தத் தப்பைப் பண்ணினேன். “மச்சான், வர்றியாடா?”ன்னு திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான். என் லைட்டு நேரா அவன் முகத்துல. “டேய், கண்ணு தெரியலடா”ன்னான். சொல்லிக்கிட்டே ஒரு அடி வெச்சான். கல்லு புரண்டுச்சு. அவன் கத்தின சத்தம் இப்பவும் ராத்திரியில கேக்குது.

பின்னாடி வந்த ஒரு பெரியவர்தான் முதல்ல உக்காந்து அவன் காலைப் பிடிச்சுப் பார்த்தார். அவர் கையில மூணு பேட்டரி போட்ட பழைய எவரெடி டார்ச். வெளிச்சம் மஞ்சளா, என் லைட்டுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. ஆனா இடுப்புக்குக் கீழே, தரையை ஒட்டிப் பிடிச்சிருந்தார். ஒவ்வொரு கல்லும் நீள நிழலோட ‘நான் இங்க இருக்கேன்’னு சொல்லிச்சு!

“ஏனுங் தம்பி, வெளக்கைத் தலைல கட்டிக்கிட்டு ஆளு மூஞ்சியப் பாத்தீங்கன்னா, அவரு எதைங் பாக்கறது?”

என்கிட்ட பதில் இல்லை. தன் துண்டைக் கிழிச்சுக் கட்டுப் போட்டுட்டு, விடியறவரைக்கும் எங்ககூடவே உக்காந்திருந்தார் அந்த மனுஷன். ஏழாவது மலையை நாங்க பார்க்கலை. இறங்க மட்டும் எட்டு மணி நேரமாச்சு. எலும்புல மெல்லிசா ஒரு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. ப்ராக்டிகல் எக்ஸாமுக்கு அவனைத் தாங்கிக்கிட்டுப் போனது நான்தான்.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். நீல எல்.ஈ.டி. கண்டுபிடிச்சதுக்காக அகாசாகி, அமானோ, நகமுரா மூணு பேருக்கும் 2014-ல நோபல் கொடுத்தாங்க. நம்ம வெள்ளை லைட்டு அந்த நீலத்து மேல மஞ்சள் பூச்சு பூசினதுதான். அதனாலதான் இத்தனூண்டு பேட்டரியில இவ்வளவு வெளிச்சம். அதுல குறை சொல்ல எதுவும் இல்லை. குறை பெட்டி மேல இருக்கற நம்பர்ல. டார்ச்சுக்குன்னு அமெரிக்காவுல 2009-ல எஃப்.எல்.1-னு ஒரு தரவிதி வந்தது. அதன்படி ‘இத்தனை மணி நேரம் எரியும்’னா, வெளிச்சம் பத்துல ஒரு பங்காக் குறையற வரைக்கும்னு அர்த்தம்! ‘இத்தனை மீட்டர் அடிக்கும்’னா, அந்தத் தூரத்துல கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா வெளிச்சம்தான் விழும். இது நேர்மையான கம்பெனிகளோட கணக்கு. மத்தவங்க பெட்டியில எழுதறது சுத்த கப்சா. விரல்விட கொஞ்சம் தடியா இருக்கற 18650 லித்தியம் செல்லுல ‘9900 எம்.ஏ.எச்.’னு போட்டிருந்தா கீழே வெச்சிட்டு வந்துடுங்க. நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான்.

ஹெட்லேம்ப்பே வேண்டாம்னு சொல்ல வரலை. பைக் செயினை மாட்டும்போது, டென்ட் கட்டும்போது, ஹாஸ்டல்ல கரன்ட் போனப்போ சமைக்கும்போது அதை அடிச்சிக்க ஆள் இல்லை. ஆனா கூட்டமா நடக்கும்போது குறைஞ்ச வெளிச்சத்துல வெச்சிக்கிட்டு, முகத்தைக் கீழே சாய்ச்சு விடுங்க. சிவப்பு லைட் இருக்கறதா வாங்கினா இன்னும் நல்லது. இருட்டுக்குக் கண்ணு முழுசாப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும். ஒரு வெள்ளை லைட்டு பட்டா அத்தனையும் போச்சு. மங்கலான சிவப்பு அந்த அளவுக்குக் கெடுக்காது. மலைக்குன்னா என் பையில இப்போ கையில பிடிக்கற டார்ச் ஒண்ணும் கூடவே இருக்கும். இடுப்புக்குக் கீழேதான் பிடிப்பேன்.

அடுத்த பிப்ரவரிக்கு மறுபடி போறதா இருக்கோம். அவன்தான் முதல்ல கேட்டான். ஒரே ஒரு கண்டிஷன், நான் அவனுக்குப் பின்னாடிதான் நடக்கணுமாம். இப்பவும் ரூம்ல நான் “மச்சான்”னு கூப்பிட்டாலே முகத்தைக் கையால மறைச்சிக்குவான், பட்டப்பகல்ல கூட.