ஸ்பீக்கரை மாத்தணுமா, இடத்தை மாத்தணுமா?

ஸ்டைபண்ட் வந்ததும் வீட்டு ஸ்பீக்கரை மாத்திடலாம்னு இருக்கீங்களா? கொஞ்சம் பொறுங்க. பெரிய வாட்ஸைப் பார்த்து மயங்காதீங்க. அதே ஸ்பீக்கருக்கு 50 வாட்ஸுக்குப் பதில் 100 வாட்ஸ் கொடுத்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும்.

அப்பாவின் பழைய ஸ்பீக்கர்கள் சுவர் மூலையில் இருந்தவரை பேஸ் மட்டும் முழங்கும், பாடகர் குரல் அமுங்கிடும். மூலையிலிருந்து இரண்டடி தள்ளி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டூல் மேல் வைத்தேன். குரல் நடுவில் தெளிவாக வந்து நின்றது. செலவு பூஜ்யம்.

கடையில் ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் கேளுங்க. கொஞ்சம் சத்தமா ஒலிப்பதுதான் நல்லதுன்னு காது ஏமாந்துடும். இத்தனையும் பார்த்த பிறகும் மனசு நிறையலைன்னா தாராளமா வாங்குங்க. எனக்கு நிறைஞ்சுது. அந்தப் பணம் தங்கச்சி ஃபீஸுக்குப் போச்சு.