கூலிக்கு ஒரு துறவி

இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் பெயின்ஸ்ஹில் என்றொரு தோட்டம். 1738இலிருந்து சார்லஸ் ஹாமில்டன் என்ற பிரபு வீட்டுப் பிள்ளை கடன் வாங்கி உண்டாக்கியது. படிகக்கல் ஒட்டிய செயற்கைக் குகை, புதுசாகவே இடிந்த மாதிரி கட்டிய மடம், துறவிக் குடில். எல்லாம் விருந்தாளிகள் வேடிக்கை பார்க்க. கடன் கழுத்தை நெரிக்க, 1773இல் விற்றுவிட்டார்.

குடில் இருந்தால் துறவி வேண்டாமா? கூலிக்கு ஆள் வைத்தார் என்பது கதை. ஏழு வருஷம் முடி, நகம் வெட்டக்கூடாது, வேலைக்காரர்களோடு பேசக்கூடாது. முடித்தால் 700 கினி, நடுவில் போனால் ஒண்ணுமில்லை. மூணே வாரத்தில் ஆளைச் சாராயக்கடையில் பார்த்துவிட்டார்களாம்.

கூட வந்தவங்க சிரிச்சாங்க. எனக்குத் தாத்தா ஞாபகம். பண்ணையார் வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டு நிக்கணும். சட்டை போடக்கூடாது. கேட்டாலொழிய வாய் திறக்கக்கூடாது. ஏழு வருஷக் கணக்கெல்லாம் கிடையாது, ஆயுசுக்கும். இது ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரலை. அவனுக்கு ஓடிப்போய்க் குடிக்க ஒரு கடை இருந்துச்சு, உள்ளே உட்காரவும் விட்டாங்க.

அந்தக் கடை எந்தப் பக்கம் இருந்ததுன்னு வழிகாட்டியிடம் கேட்டேன். அவருக்குத் தெரியலை.